தீம் பார்க்குக்குள் நல்ல சாப்பாட்டுக் கடை ஏன் ஈ ஓட்டுகிறது?

8 பிப்ரவரி 2025, வாசகர் கேள்வி

போன மாதம் ஆர்லாண்டோ போயிருந்தோம். டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவில் ஹாட் டாக் கடை முன்னால் கூட்டம் அலைமோதுகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்கிப்பர் கேன்டீன். ஏசி, நல்ல நாற்காலி, சுடச்சுட நூடுல்ஸ், கறி. முன்பதிவு இல்லாமலே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். பாதி மேஜை காலி. இந்த அமெரிக்கர்களுக்கு நாக்கு செத்துவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

8 பிப்ரவரி, இரவு 10:15

நாக்கை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள்.

கூட்ட நாளில் மேஜிக் கிங்டம் ஒரு நாள் டிக்கெட் 180 டாலரைத் தாண்டிவிடும். உள்ளே 12 மணி நேரம் தாக்குப்பிடித்தால் தலைக்கு மணிக்கு 15 டாலர். 4 பேர் குடும்பத்துக்கு மணிக்கு 60. உட்கார்ந்து, மெனு பார்த்து, ஆர்டர் சொல்லி, காத்திருந்து, தின்று, பில் கட்டி எழ ஒன்றரை மணி நேரம் ஆகும். பில் மேஜைக்கு வரும் முன்பே 90 டாலர் போயிற்று. அப்புறம் சாப்பாட்டு விலை, வரி, டிப்ஸ்.

யாரும் இப்படிக் காகிதத்தில் கணக்குப் போடுவதில்லை. ஆனால் எல்லார் வயிற்றுக்குள்ளும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஊருக்குள் இருக்கும் ஹோட்டலுக்குப் போட்டி எதிர்ச்சாரி ஹோட்டல். பூங்காவுக்குள் இருக்கும் ஹோட்டலுக்குப் போட்டி ஸ்பேஸ் மவுன்டன் ரோலர் கோஸ்டர். ஹாட் டாக்கை நடந்துகொண்டே தின்னலாம், ஊர்வலம் பார்த்துக்கொண்டே தின்னலாம், அடுத்த க்யூவில் நின்றபடியும் தின்னலாம்.

9 பிப்ரவரி, காலை 7:30

ஸ்கிப்பர் கேன்டீன் கதை தனி. நேற்று தூக்கக் கலக்கத்தில் விட்டுவிட்டேன்.

அந்தக் கட்டடத்தில் முன்பு அட்வெஞ்சர்லாந்து வராண்டா என்ற கடை இருந்தது. 1994இல் மூடினார்கள். அதன்பின் 20 வருடத்துக்கு மேல் அங்கே நிலையான சாப்பாட்டுக் கடை கிடையாது. பூங்காவின் நட்டநடுவில், நாட்டிலேயே அதிகம் பேர் நடக்கும் பாதைகளில் ஒன்றின் ஓரத்தில்! 2015 டிசம்பரில், ஜங்கிள் குரூஸ் என்ற படகு ரைடின் படகுக்காரர்கள் நடத்தும் கேன்டீன் என்ற கற்பனையோடு திறந்தார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா மூன்றின் சமையலும் ஒரே மெனுவில். ஒரு பதார்த்தத்தின் பெயரே "கோழி மாதிரி இருக்கும், ஏனென்றால் கோழிதான்" என்ற அர்த்தத்தில் இருந்தது. இன்னொன்று தலையோடு வரும் இறால். முழு மீன் வறுவலும் உண்டு.

என் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தபோது அங்கே கூட்டிப்போனேன். பக்கத்து மேஜைக்கு முழு மீன் வந்தது. அங்கிருந்த சிறுவன் மீனின் கண்ணைப் பார்த்துவிட்டு அழுதே விட்டான். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "தலை இல்லாம மீனை எதுக்கு வாங்கணும்?" என்றார்.

திறந்த சில மாதங்களிலேயே மெனுவை மாற்றிச் சாதுவாக்கினார்கள். ஆரம்பத்தில் முன்பதிவும் கிடையாது, நேராக வருகிறவர்களுக்கு மட்டும்தான் இடம். டிஸ்னி வேர்ல்டில் அது நல்லெண்ணத்தில் செய்த கெடுதல். அங்கே வரும் குடும்பங்கள் பல மாதம் முன்பே எந்த நாள், எந்த வேளை, எந்த மேஜை என்று திட்டம் எழுதிக்கொண்டு வருகிற ஆட்கள். முன்பதிவுப் பட்டியலில் இல்லாத கடை அவர்களைப் பொறுத்தவரை வரைபடத்திலேயே இல்லை.

9 பிப்ரவரி, மதியம் 1:05

"நேரம்தான் காரணம் என்றால் அதே மேஜிக் கிங்டமில் பீ அவர் கெஸ்ட் உணவகமும் சிண்ட்ரெல்லா கோட்டை உணவகமும் ஏன் நிரம்புகின்றன? அங்கேயும் ஒன்றரை மணி நேரம்தானே?" என்று ஒருவர் தனிச்செய்தியில் மடக்கியிருக்கிறார்.

நல்ல கேள்வி. அங்கே சாப்பாடே ரைடு. அதனால் அந்த ஒன்றரை மணி நேரத்தை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

பீ அவர் கெஸ்ட் 2012 கடைசியில் திறந்தது. சுமார் 550 இருக்கை. அந்தக் காலத்தில் முன்பதிவு 180 நாள் முன்னால் திறக்கும், திறந்த வேகத்தில் இரவுச் சாப்பாட்டு நேரங்கள் காணாமல் போகும். 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்து ராட்சசனின் மாளிகைக்குள் உட்காரத்தான் போனார்கள். மேஜிக் கிங்டமில் முதன்முதலாக ஒயினும் பீரும் ஊற்றிய இடமும் அதுதான். 1971இல் பூங்கா திறந்ததிலிருந்து அதுவரை ஒரு சொட்டு மது கிடையாது. வேறு சில டேபிள் சர்வீஸ் கடைகளுக்கு 2016 டிசம்பரில்தான் அந்த அனுமதி வந்தது.

இதைவிடச் சுத்தமான உதாரணம் டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பூங்காவான எப்காட்டில் இருக்கிறது. அங்கே ஏரியைச் சுற்றி நாட்டுக்கொரு பகுதி. நார்வே பகுதியின் உணவகம் ஆக்கர்ஷுஸ். முதலில் அது நார்வே பஃபே. ஊறுகாய் போட்ட ஹெர்ரிங் மீன், குளிர்ந்த இறைச்சி, பாலாடைக்கட்டி வகைகள். போட்டி போட்டுக்கொண்டு இடம் பிடிக்க வைக்கிற சங்கதி எதுவும் அதில் இல்லை. 2000களில் டிஸ்னி இளவரசிகளை மேஜைக்கு மேஜை அனுப்பத் தொடங்கினார்கள். கட்டடம் அதே கட்டடம்தான், ஆனால் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். இளவரசி கையெழுத்துப் போட்ட நோட்டைக் காட்டுகிற எந்தப் பெண்குழந்தையும் ஹெர்ரிங்கைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை.

கோட்டை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் உணவகத்துக்கு 1997 வரை ஸ்டீஃபன் ராஜாவின் பெயர்தான். அவர் தூங்கும் அழகியின் அப்பா. சிண்ட்ரெல்லா வீட்டில் சம்பந்தமே இல்லாத ராஜா 25 வருடத்துக்கு மேல் பந்தி வைத்திருக்கிறார், யாரும் கேட்கவில்லை.

10 பிப்ரவரி, இரவு 9:50

என் மணிக்கு 15 டாலர் கணக்கு வருடாந்திர பாஸ் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தாது. நானே பாஸ்காரன். தாம்பாவிலிருந்து கார் எடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். எனக்கு அங்கே ஒரு மணி நேரம் போனால் என்ன, இரண்டு போனால் என்ன. ஆனாலும் உட்கார்ந்து சாப்பிடுகிறேனா என்றால் இல்லை. பையில் புளியோதரை இருக்கிறது. டிஸ்னி வேர்ல்டில் கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் இல்லாமல் வெளிச்சாப்பாடு கொண்டுபோகலாம்.

ஆக, பாஸ்காரர்கள் உள்ளூர்க்காரர்களின் புத்தியோடு இருக்கிறார்கள். அந்த விலைக்கு வெளியே எங்கே என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். முதல்முறை வருபவருக்கு நேரம் இல்லை, அடிக்கடி வருபவருக்கு விலை கசக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது சமையல்காரர்.

12 பிப்ரவரி, மாலை 6:20

மரக்கேஷ் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த தோல்வி அது.

எப்காட்டில் மொராக்கோ பகுதி 1984இல் வந்தது. அரசர் இரண்டாம் ஹசன் தன் நாட்டுக் கைவினைஞர்களையே அனுப்பி ஓடு பதிக்க வைத்தார். அந்த வேலைப்பாட்டுக்காக மட்டும் ஒரு மணி நேரம் நிற்கலாம். ரெஸ்டாரன்ட் மரக்கேஷ் அந்தப் பகுதியின் கடைக்கோடியில் இருந்தது. வாசல் வளைவு, முற்றம், குறுகலான சந்து எல்லாவற்றையும் தாண்டிப் போக வேண்டும். உண்மையான பழைய நகரத்தின் அமைப்பு அப்படித்தான், அதனால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஏரியைச் சுற்றி நடக்கும் கூட்டத்தின் கண்ணில் அந்த வாசல் படவே படாது.

உள்ளே குஸ்குஸ், ஆட்டுக்கறி, நேரடி இசை, இடுப்பு நடனம். எப்காட்டில் கடைசி நிமிடத்தில் இடம் வேண்டுமென்றால் மரக்கேஷுக்குப் போ என்பது பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த வழி. நான் போனபோதெல்லாம் நடனமாடுகிறவர் காலி மேஜைகளுக்கு நடுவே சிரித்த முகத்தோடு ஆடிக்கொண்டிருப்பார். 2020இல் பெருந்தொற்றோடு மூடியது, பழையபடி திறக்கவே இல்லை.

பயம் ஒரு காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். குஸ்குஸ் என்றால் என்னவென்று தெரியாத 8 வயதுப் பையன் ஒருவன் குடும்பத்தில் இருந்தால் போதும், மற்ற 5 பேரும் பீட்சாவுக்குப் போய்விடுவார்கள். அங்கே வருகிறவர்கள் தனியாளாக வருவதில்லை. கூட்டமாக வருபவர்களில் வாய் மிகச் சிறியவனுக்குத்தான் அதிகாரம் அதிகம்.

ஆனால் அதே பயம் இருக்கும் அதே ஜனங்கள், அதே பூங்காவில், அதே மொராக்கோ ஆட்டுக்கறியைத் திருவிழாக் கடையில் வாங்கித் தின்கிறார்கள். எப்காட் உணவு, ஒயின் திருவிழா 1996இல் தொடங்கியது. இப்போது கலை, பூ, உணவு, கிறிஸ்துமஸ் என்று வருடத்தின் பெரும்பகுதி ஏதாவது ஒரு திருவிழா நடந்துகொண்டே இருக்கிறது. ஏரிக்கரை நெடுகச் சின்னக் கடைகள். உள்ளங்கையளவு தட்டு, சில டாலர், பிடிக்கவில்லையென்றால் குப்பைத்தொட்டி. 40 டாலர் கொடுத்துத் தெரியாத சாப்பாட்டோடு ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொள்ளத்தான் பயம். 7 டாலருக்குப் பயமில்லை.

எப்காட்டின் உட்கார்ந்து சாப்பிடும் கடைகளுக்கு எதிரே கடை போட்டதே எப்காட்தான்.

12 பிப்ரவரி, இரவு 11:00

எப்காட்டின் ஜப்பான் பகுதியை மறந்துவிட்டேன். அங்கே உணவகங்களை மிட்சுகோஷி என்ற ஜப்பானிய நிறுவனம் நடத்துகிறது. மாடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடை. ஒன்றில் சமையல்காரர் உங்கள் கண்முன்னால் கல்லில் வெங்காயத்தை அடுக்கி எரிமலை மாதிரி புகை விடுவார். மற்றதில் அமைதியாகச் சுஷி, ஜன்னல் வழியே ஏரி. எதில் கூட்டம் அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெங்காய எரிமலையும் சாப்பாடே ரைடு என்ற வகைதான், கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டின் ப்ளூ பையூ மாதிரி. 1967இல் கடற்கொள்ளையர் ரைடோடு சேர்த்துத் திறந்த அந்த உணவகத்துக்குப் பக்கத்தில்தான் ரைடின் படகுகள் மிதந்து போகும்.

15 பிப்ரவரி, காலை 8:40

இன்னொரு வகை காலியும் உண்டு. சாப்பிடும் வேளைக்குப் பூங்காவே மூடிவிடுவது.

டிஸ்னி வேர்ல்டின் மிருகப் பூங்காவான அனிமல் கிங்டம் 1998இல் திறந்தது. மிருகங்களுக்கு ஓய்வு வேண்டும், வெயிலும் தாங்காது, அதனால் ரொம்ப காலம் மாலையே நடையைச் சாத்திவிடுவார்கள். அங்கே 2016இல் டிஃபின்ஸ் என்ற உயர்தர உணவகம் திறந்தது. (நம் ஆட்கள் பெயரைப் பார்த்து இட்லி இருக்குமென்று நினைத்துப் போய் ஏமாறுவது வருடா வருடம் நடக்கிறது.) சாப்பாடு அருமை. ஆனால் அப்படிப்பட்ட இடம் பிழைப்பது இரவு வியாபாரத்தில். வியர்வையில் நனைந்து, காலில் கொப்புளத்தோடு, மாலை 5 மணிக்கு யார் ஒயினோடு மூன்று சுற்றுச் சாப்பாடு சாப்பிடுவார்கள்? 2017இல் அவதார் படத்தை வைத்துக் கட்டிய பான்டோரா பகுதி வந்ததும் பூங்கா நேரம் நீண்டது, வழியில் போகிறவர்களும் கூடினார்கள். ஆனாலும் ஒட்டியிருக்கும் நோமாட் லவுஞ்சில்தான் கூட்டம். கொறிக்க ஏதாவது, ஒரு பானம், ஆற்றைப் பார்த்தபடி நாற்காலி. எழுந்து போக வேண்டுமென்றால் போகலாம்.

16 பிப்ரவரி, மதியம் 12:10

காலி மேஜையைப் பார்த்துக் கடையை எடை போடாதீர்கள். ஒரு பெரிய பூங்காவில் நானும் மனைவியும் இரண்டு பேருக்கு இடம் கேட்டோம். கண்ணுக்கு எதிரே மேஜைகள் வெறுமனே கிடக்கின்றன. "இடம் இல்லை" என்றார் வாசலில் இருந்த பெண். கோபம் வந்தது, விசாரித்தேன். மேஜை இருக்கிறது, பரிமாற ஆள் இல்லை. அன்று எத்தனை பரிமாறுபவர்கள் வேலைக்கு வந்தார்களோ அதற்கேற்பப் பகுதிகளைத் திறக்கிறார்கள். மிச்ச மேஜை வெறும் தட்டுமுட்டுச் சாமான்.

முன்பதிவு செய்துவிட்டு வராதவர்கள் இன்னொரு தொல்லை. டிஸ்னி வேர்ல்டில் சொல்லாமல் வராவிட்டால் பல உணவகங்களில் தலைக்கு 10 டாலர் பிடிப்பார்கள். 10 டாலருக்கு யார் அஞ்சுவார்கள்? மூன்று இடத்தில் பதிவு செய்து வைத்துக்கொண்டு காலையில் மனசு எங்கே போகிறதோ அங்கே போகிறவர்கள் எங்கள் சொந்தக்காரர்களிலேயே இருக்கிறார்கள்.

அப்புறம் இப்போது நீண்ட க்யூவைத் தவிர்க்கக் காசு கொடுத்து வாங்கும் லைட்னிங் லேன் வேறு. 1 மணியிலிருந்து 2 மணிக்குள் இந்த ரைடுக்கு வா என்று போன் சொல்லும். உங்கள் மேஜை 1:15க்கு. எதை விடுவீர்கள்?

2017இல் மொபைல் ஆர்டர் வந்த பிறகு கவுன்ட்டர் கடைகளின் ஒரே குறையான க்யூவும் குறைந்துவிட்டது. ரைடு க்யூவில் நின்றபடியே ஆர்டர் போட்டுவிடலாம்.

18 பிப்ரவரி, இரவு 8:30

"திட்டமிடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா?" என்று ஒரு கேள்வி. தெரிந்தவர்களும் சறுக்கிய பெரிய கதை பாரிஸில் நடந்தது.

1992 ஏப்ரல் 12, யூரோ டிஸ்னி திறப்பு. ஐரோப்பியர்கள் காலையில் காபியோடு முடித்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்ல, ஹோட்டல்களில் காலைச் சிற்றுண்டிக்கான இடத்தைச் சுருக்கினார்கள். வந்தவர்கள் எல்லாரும் முட்டையும் பன்றிக்கறியும் கேட்டார்கள். 350 இருக்கையில் 2,500 பேருக்குக் காலைச் சாப்பாடு போட வேண்டிய நிலை. மதியம் அதற்கு நேர் எதிர். அமெரிக்கர்கள் 11 மணி முதல் 3 மணி வரை மெதுவாகப் பிரிந்து பிரிந்து வருவார்கள். பிரான்ஸ்காரர்கள் எல்லாரும் பன்னிரண்டரைக்கு ஒன்றாக வந்து நின்றார்கள். அந்த ஒரு மணி நேரம் நெரிசல், மற்ற நேரம் கடை வெறிச். பூங்காவுக்குள் ஒயினும் கிடையாது. பிரான்ஸில்! ஒரு வருடம் பிடிவாதமாக இருந்துவிட்டு 1993இல் இறங்கி வந்தார்கள்.

18 பிப்ரவரி, இரவு 8:55

மேலே உள்ளதைப் படித்துவிட்டு என் தங்கை வாட்ஸாப்பில்: "அமெரிக்கர்கள் பிரிந்து பிரிந்து வருவார்கள் என்கிறாயே, மேஜிக் கிங்டமில் காஸ்மிக் ரேஸ் என்ற கவுன்ட்டர் கடையில் பன்னிரண்டரைக்கு நின்று பார்." சரிதான். பிரான்ஸ்காரர்களோடு ஒப்பிட்டால் மட்டும்தான் அவர்கள் பிரிந்து வருகிறார்கள்.

21 பிப்ரவரி, காலை 6:50

யுனிவர்சல் ஆர்லாண்டோ ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சர் பூங்காவில் இருக்கும் மித்தோஸ் உணவகத்தை யாரும் சொல்லவில்லையே. 1999இல் பூங்காவோடு திறந்தது. குகைக்குள் உட்கார்ந்த மாதிரி அமைப்பு, ஜன்னலில் ஏரி. தீம் பார்க் ரசிகர்களின் வாக்கெடுப்பில் தொடர்ந்து பல வருடம் சிறந்த உணவகம் என்று பெயர் வாங்கியது. அது இருக்கும் லாஸ்ட் காண்டினன்ட் பகுதியில் ஒரு பெரிய துண்டை 2010இல் ஹாரி பாட்டர் உலகம் எடுத்துக்கொண்டது. சிந்துபாத் நிகழ்ச்சி 2018இல் போனது, பொசைடன் நிகழ்ச்சி 2023இல் போனது. சுற்றிலும் ஒவ்வொன்றாக இருட்டாகிவிட்ட தெருவில் மித்தோஸ் மட்டும் விளக்கேற்றிக் கடை திறக்கிறது. பக்கத்து ஹாரி பாட்டர் பகுதியின் த்ரீ புரூம்ஸ்டிக்ஸில் கவுன்ட்டர் சாப்பாடுதான், ஆனால் பட்டர்பியரோடு மந்திரவாதிகளின் விடுதியில் உட்காரலாம். கூட்டம் எங்கே இருக்கும்?

உணவகம் தன் பகுதியின் தலையெழுத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. சமையல்காரர் இதற்கு என்ன செய்ய முடியும்.

23 பிப்ரவரி, மதியம் 3:15

எல்லாம் புலம்பலாகப் போகிறது, அதனால் தலைகீழ் உதாரணம் ஒன்று. கலிஃபோர்னியா, புவனா பார்க். 1934இல் கார்டீலியா நாட் என்ற அம்மாள் தன் கல்யாணப் பீங்கான் தட்டுகளில் 8 பேருக்குக் கோழிச் சாப்பாடு போட்டார். விலை 65 சென்ட். வீட்டுக்காரர் பெர்ரிப் பண்ணைக்காரர், சாலையோரத்தில் பழம் விற்றவர். கோழிக்கு வந்த கூட்டம் பெருகிப் பெருகி, மணிக்கணக்கில் காத்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று 1940இல் ஒரு பேய் ஊரைக் கட்டத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைக்கு நாட்ஸ் பெர்ரி ஃபார்ம். சாப்பாட்டுக் கடைதான் பூங்காவைப் பெற்றது. 1968இல் வேலி போட்டு டிக்கெட் வைத்தபோதும் கோழிக்கடை வேலிக்கு வெளியேதான் நின்றது. இன்றும் டிக்கெட் இல்லாமல் போய்ச் சாப்பிடலாம், கூட்டத்துக்குக் குறைவில்லை.

இதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்ல முயல்கிறேன் போலிருக்கிறது. வேலிக்கு வெளியே இருந்தால் சாப்பிட வருபவர் சாப்பிட வருகிறார். உள்ளே இருந்தால் அவர் ஏற்கெனவே பெரிய பணம் கட்டிவிட்டு வேறு எதற்கோ வந்தவர்.

23 பிப்ரவரி, மாலை 5:40

இரண்டு பேர் ஒரே மாதிரி கேட்டிருக்கிறீர்கள். அப்பா அம்மாவோடு ஏப்ரலில் போகிறோம், இருவரும் சைவம், எங்கே சாப்பிடுவது என்று.

பூங்காவுக்குள் உட்கார்ந்து சாப்பிட ஒரே ஒரு வேளை வைத்துக்கொள்ளுங்கள், பிற்பகல் இரண்டரைக்கு மேல். வெயில் உச்சம், க்யூக்கள் மிக நீளம், அந்த நேரத்தில் ரைடை இழப்பது நஷ்டமே இல்லை. ஸ்கிப்பர் கேன்டீனில் சைவம் கேட்டால் சமாளித்துக் கொடுப்பார்கள். கவுன்ட்டர் சாப்பாடு போதுமென்றால் அதே மேஜிக் கிங்டமில் கொலம்பியா ஹார்பர் ஹவுஸ் மாடி. கீழே சந்தைக்கடை, மேலே பெரியவர்கள் கொஞ்சம் கண் மூடலாம்.

ஒரு நாள் பூங்காவே வேண்டாம் என்று வைத்துவிட்டு அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற டிஸ்னி தங்கும் விடுதியில் இருக்கும் சனா உணவகத்துக்குக் கூட்டிப்போங்கள். டிக்கெட் வேண்டாம். ஐந்து வகை ரொட்டி, ஒன்பது வகைத் தொக்கு, சட்னி, ராய்த்தா. நான் ரொட்டி உண்டு, பன்னீர் பராத்தா உண்டு, ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி உண்டு. பகல் வெளிச்சம் இருக்கும் நேரமாகப் பதிவு செய்யுங்கள், இருட்டிவிட்டால் மிருகம் தெரியாது. முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். ஏப்ரல் கடைசியில் போகிறவர்கள் இந்த வாரமே பாருங்கள்.

புளியோதரையில் எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், மதியத்துக்குள் வறண்டுவிடும்.